குத்த விடாத மூட்டை

அந்த லிஃப்ட்டுக் கதவு உங்களுக்கு நேராத் தெரியுதுல்ல அண்ணாச்சி? ஊதாச் சேலை கட்டி, கையில ஃபைலோட, குட்டையா ஒரு பொம்பள வெளிய வந்தா லேசா ஒரு இருமல் இருமிக் காட்டுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். என் சம்சாரம்தான். கீழ இன்சூரன்ஸ் கவுண்டர்ல ஏதோ சீல் வைக்கணும்னு கூப்பிட்டாங்க, போயிருக்கா. காலையில இருந்து இப்பத்தான் என்னைய விட்டு நகந்திருக்கா. நான் பாத்ரூமுக்குப் போனாக்கூட வாசல்லயே நிக்கிறா. கைதியக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வர்ற போலீஸ்காரன்கூட இடையில ஒரு டீ குடிக்கப் போவான். இவ போக மாட்டா.

நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? மாமியாருக்கா. உள்ள போய்ட்டாங்களா, சரி சரி. என்ன செய்யுதாம்? நெஞ்செரிச்சலா. அது ஒண்ணும் இருக்காது, கவலைப்படாதீங்க. எனக்கும் ஒண்ணும் இல்ல. சும்மாதான் வந்தேன். சும்மான்னா, கூட்டிட்டு வந்திருக்காங்க. இந்தாப் பாருங்க, வந்ததும் வராததுமா கையில ஊசியக் குத்தி பிளாஸ்திரி போட்டு ஒட்டி விட்டாங்க. மயக்க மருந்து போடுறதுக்காம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சுன்னா அப்புறம் அது எங்க ஓடும்? இதோட நான் தெருவுல எறங்கி நடந்தா ஆஸ்பத்திரியில இருந்து ஓடி வந்தவன்னு பிடிச்சு மறுபடியும் இங்கயேதான் கொண்டாந்து விடுவாங்க.

ஒரு விஷயம் சொல்றேன், யாருட்டயும் சொல்லிராதீங்க. வேட்டிக்குள்ள பட்டாபட்டி டவுசர் போட்டிருக்கேன். யாவாரத்துக்குப் போன காலத்துல இருந்து அந்தப் பழக்கம், அதுல ஒரு பை இருக்கும். சட்டைப் பைய இவ தடவிப் பாத்துட்டா. மஞ்சப்பையக் கவுத்துக் கொட்டிப் பாத்துட்டா. டவுசர் பையில கை விட மாட்டால்ல? அதுல ஒரு பாக்கெட்டு கடலை மிட்டாய் இருக்கு. ஒரே ஒரு துண்டு வாயில போட்டாப் போதும், இன்னைக்குத் தப்பிச்சிரலாம். வெறும் வயிறா இருந்தாத்தான் கேமரா வச்ச குழாய வாய் வழியா உள்ள விடுவாங்க. வயித்துல ஏதாவது கெடந்தா கேமராவுக்கு ஒண்ணும் தெரியாதாம், வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிருமாம். அதனால வாசல்ல நிறுத்தி, ‘ஏதாவது சாப்பிட்டீங்களா’ன்னு ஒரு நர்ஸ் பொண்ணு கேக்கும். ஆமாம்னு சொன்னா திருப்பி அனுப்பிரும்.

சாப்பிடாமயே சாப்பிட்டேன்னு சொல்லிரலாமேன்னு பாக்கறீங்க. அது நம்மால ஆகாது அண்ணாச்சி. நான் விருதுநகர் கமிஷன் கடையில தலை நரைச்சவன். தவசிலிங்கம்னு சொன்னா பஜார்ல யாரும் சொல்லுவாங்க. இல்லாத சரக்க இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் இந்த வாயால சொன்னதில்ல. சாப்பிட்டாத்தான் சாப்பிட்டேன்னு சொல்லுவேன்.

இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அப்படித்தான் தப்பிச்சேன். மொத தடவை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல எறங்கினதும் இவ கைகால் கழுவப் போனா, நான் ஒரு டீயும் வடையும் உள்ள தள்ளிட்டேன். இங்க வந்து அந்தப் பொண்ணு கேக்கவும், ‘ஒரு டீதாம்மா குடிச்சேன், டீயெல்லாமா சாப்பாட்டுல சேத்தி’ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு தலையில கைய வச்சுருச்சு. ரெண்டாவது தடவை கீழ கேன்டீன்ல வாழைக்கா பஜ்ஜி. மறந்துட்டேம்மான்னு சொன்னேன். மறந்துதான் போச்சு, ஒரு வகையில பாத்தா. இவ என்னையப் பாத்தா, ஃபைல எடுத்தா, ‘வாங்க போவோம்’னா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வெள்ளந்தி. எத்தனை வருசம் ஆனாலும் அவளுக்கு யாவாரிப் புத்தி வராது.

எதுக்கு இப்படிப் பயப்படுறேன்னு கேக்கறீங்களா? பயமெல்லாம் இல்ல. குழாய் போடுறதுக்கு நான் பயப்படல. ஏற்கெனவே ஊர்ல ஒரு டாக்டர்ட்ட போட்டாச்சு. சின்னப் பையன், நல்ல மாதிரி. படுக்கறதுக்கு முன்னாடியே அவருட்ட கறாராச் சொல்லிட்டேன், ‘தம்பி, உள்ள விட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க, ஆனா சதையக் கிள்ளி எடுக்கக் கூடாது’ன்னு. கையெழுத்துப் போடுற தாள்லயும் சதை எடுக்கலாம்ங்கற வரிய அடிக்க வச்சுட்டுத்தான் படுத்தேன். பாத்தாரு. வயித்துக்குள்ள ஒரு புண்ணு இருக்குன்னாரு. ‘கொஞ்சம் எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும், நீங்க வேணாம்னுட்டீங்க’ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு மதுரைக்கு எழுதிக் குடுத்தாரு. அன்னைக்குப் பிடிச்ச பீடைதான் இது.

இங்க உள்ளவங்க ஒரு டாக்டரம்மா. பொறுமைசாலி, அதச் சொல்லணும். ஒரு தாள்ல வயித்த வரஞ்சு காமிச்சாங்க. ‘ஐயா, எல்லாருக்கும் நாங்க சதை எடுக்கறதில்ல. உள்ள வழவழன்னு நல்லா இருந்தா பாத்துட்டு வெளிய வந்துருவோம். வயித்தத் தாண்டி, சிறுகுடல் ஆரம்பிக்கற எடத்துல புண்ணு இருந்தா அதையும் பெரும்பாலும் கிள்ள மாட்டோம், மாத்திரைக்கு ஆறிரும். ஆனா உங்களுக்கு இருக்கறது இரைப்பையில. அங்க இருக்கற புண்ணு, மேடு, சொரசொரப்பு எதையும் கண்ணால பாத்து இது நல்லது இது கெட்டதுன்னு சொல்ல முடியாது. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்’ அப்படின்னாங்க. அதுலயும் உங்களுக்கு எடை கொறையுது, ரத்தம் கொறையுது, எடுக்காம விடவே கூடாதுன்னாங்க. அரிசி அளவுகூட இருக்காதாம். வலிக்கவே வலிக்காதாம். எடுத்தாலே புத்துநோய்னு அர்த்தம் இல்லையாம், பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கிருமி இருக்கான்னு பாக்கத்தான் எடுக்கறாங்களாம்.

நல்லாத்தான் பேசுனாங்க. நான் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். கடைசியில, ‘நீங்க என்ன தொழில் பாத்தீங்க’ன்னு கேட்டாங்க. அங்கதான் நான் மாட்டினேன்.

குத்தூசி பாத்திருக்கீங்களா நீங்க? இப்பப் பையங்க பாத்திருக்க மாட்டாங்க. இரும்புல ஒரு சாண் நீளத்துக்கு, முனை கூரா, நடுவுல பள்ளமா இருக்கும். மூட்டையில சதக்குன்னு எறக்கி, ஒரு திருப்புத் திருப்பி இழுத்தா உள்ள இருக்கற உளுந்து அந்தப் பள்ளத்து வழியா உள்ளங்கையில வந்து விழும். வாயக் கட்டுன மூட்டைய அவுக்கவே வேணாம். அவுத்துக் காட்டுறவன் நல்ல சரக்கத்தானே மேல பரப்பி வச்சிருப்பான்? உள்ள கல்லு இருக்கா, ஈரம் இருக்கா, வண்டு விழுந்திருக்கான்னு குத்தூசிதான் சொல்லும். நான் ஒரு மூட்டைக்கு மூணு குத்துக் குத்துவேன். மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு. ஒரே இடத்துல குத்திட்டு வெலை சொல்றவன் யாவாரி இல்ல, சோம்பேறி.

ஒருதடவை அருப்புக்கோட்டைப் பக்கத்துல இருந்து ஒருத்தர் வண்டி நெறையா உளுந்து கொண்டாந்தாரு. நெத்தியில திருநீறு, பேச்செல்லாம் தேன். ‘அண்ணாச்சி, சாக்குப் புதுசு, குத்த வேணாம், நம்பி எடுங்க’ன்னாரு. நான் குத்தூசிய இடுப்புல இருந்து எடுத்தேன், அடி மூட்டையில விட்டேன் ஒரு குத்து. கையில வந்தது பூரா பூசணம். எவன் குத்த வேணாம்னு சொல்றானோ அவன் மூட்டையத்தான் மொதல்ல குத்தணும். கடைக்கு வர்ற புதுப் பையங்களுக்கெல்லாம் மொத நாளே நான் சொல்லிக் குடுக்கறது அதுதான்.

இதை அந்த டாக்டரம்மாட்டயும் பெருமையாச் சொல்லித் தொலைச்சேன். அண்ணாச்சி, அந்தம்மா கன்னத்துல கைய வச்சுக்கிட்டு என்னையவே பாத்துச் சிரிக்கறாங்க. இவளும் பக்கத்துல உக்காந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு சிரிக்கறா. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. உளுந்து மூட்டையும் மனுச உடம்பும் ஒண்ணா? சாக்குல குத்துனா, எடுத்த பின்னாடி முனைய வச்சு ரெண்டு தேய் தேச்சா சணல் கூடிக்கும், ஓட்டை தெரியாது. வயித்துக்குள்ள போய் யாரு தேச்சு விடுவா? அதையும் கேட்டேன். ‘அதுவாவே ஆறிரும் ஐயா’ங்கறாங்க. எல்லாம் அதுவாவே ஆறும்னா அப்ப எதுக்கு ஆஸ்பத்திரி?

லிஃப்ட்டு திறந்துச்சே. இல்லையா. வேற யாரோ.

எங்க அண்ணன் கதை தெரிஞ்சா நீங்களும் இப்படித்தான் சொல்லுவீங்க. வெயிலுமுத்துன்னு பேரு. ஆளு ஆலமரம் மாதிரி இருப்பாரு. திடீர்னு சாப்பாடு எறங்கலன்னாரு. கஞ்சி குடிச்சாரு. அப்புறம் கஞ்சியும் நிக்கல. ‘வெளிக்குக் கருப்பாப் போகுதுடா தம்பி’ன்னு எங்கிட்ட ஒருநாள் சொன்னாரு. சூடா இருக்கும், எளநி குடிங்கன்னேன். குடிச்சுப் பாத்தாரு. சட்டையெல்லாம் அவருக்கு ஆணியில மாட்டுன மாதிரி தொங்குச்சு. ஒரு வருசம் போல அப்படியே கடைக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்தாரு, நல்லாத்தான் இருந்தாரு. அப்புறந்தான் அவர் மகன் பிடிவாதமாக் கூட்டிட்டுப் போய், உள்ள குழாய விட்டு சதையக் கிள்ளுனான். கிள்ளி மூணு மாசம் இல்ல. போய்ச் சேந்துட்டாரு. பாடையில வைக்கும்போது ஒரு கையில தூக்கிரலாம் போல இருந்தாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நம்ம உடம்புல எவனையும் கிள்ள விடக் கூடாதுன்னு. அது பாட்டுக்குத் தூங்கிக்கிட்டு கெடந்ததக் கிள்ளி எழுப்பி விட்டுட்டாங்க. டாக்டரம்மா சொல்றாங்க, ‘கிள்ளினதால போகல, பிந்தி வந்ததால போயிருப்பாரு’ன்னு. அவங்க எங்க அண்ணனப் பாத்தாங்களா? நான் கூடவே இருந்தவன்.

எனக்கு அந்த மாதிரியெல்லாம் இல்ல. சாப்பாடு கொஞ்சம் கொறஞ்சிருக்கு, அவ்வளவுதான். ரெண்டு இட்லிக்கே போதும்ங்குது. வயசானா யாருக்கும் கொறையத்தானே செய்யும். இந்தப் பச்சை பெல்ட்டு இருக்கே, இது தோல் நல்லா இல்ல, இழுபட்டுப் போச்சு, அதான் புதுசா ஆணி வச்சு ஓட்டை போட்டு மாட்டியிருக்கேன். வெளிக்குக் கருப்பாப் போறது, நான் கருப்பட்டிக் காப்பி குடிக்கறவன், அது பின்ன எப்படிப் போகும்? இதெல்லாம் இவகிட்டச் சொன்னா, ‘பெரிய மாமாவும் இப்படித்தானே சொன்னாரு’ன்னு எங்க அண்ணனச் சொல்லிக் கண்ணத் தொடைப்பா. அதுக்குத்தான் எதையும் அவகிட்டச் சொல்றதில்ல.

ராத்திரி படுத்தா அந்தக் குழாயிதான் கண்ணு முன்னால வருது அண்ணாச்சி. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. வீட்டுல இருந்தா இவ மூஞ்சி. கடைக்குப் போனா, ‘என்ன முதலாளி, மதுரைக்குப் போய்ட்டு வந்தாச்சா’ன்னு கேக்கறாங்க. மகளுக்கு ஃபோனப் போட்டா, ‘அப்பா, சதை எடுத்தாச்சா’ங்கறா, நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டேங்கறா. எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒரு செவுரு. எடுத்தா அண்ணன் மாதிரி போயிருவேனோன்னு இருக்கு. எடுக்கலன்னா இவ விட மாட்டா. எலிப்பொறிக்குள்ள போயாச்சு, அதுல வடை வேற கெடையாது.

வந்துட்டாளா? இருமுனீங்களா, சும்மா தொண்டையா? இருமுனீங்க. சரி.

என்ன ஜெயக்கனி, சீல் வச்சாச்சா? நல்லது. இவருக்கு ஊர் திருமங்கலம். மாமியாருக்கு வந்திருக்காரு. சும்மா அரசியல் பேசிக்கிட்டு இருந்தோம். உக்காரு. இங்க வேணாம், அந்தக் காத்தாடிக்குக் கீழ உக்காரு, உனக்குத்தான் வேர்த்து வடியுதே. ஏசி போட்டிருக்கற எடத்துல இவ ஒருத்திக்கு மட்டும் வேர்க்குது பாருங்க. கோவம். கீழ கவுண்டர்க்காரங்கிட்ட சண்டை போட்டிருப்பா.

போய் உக்காந்துட்டா. மெதுவாப் பேசுவோம்.

பாத்தீங்களா, அந்தத் தண்ணி பாட்டில மடியில வச்சிருக்கா, தொறக்க மாட்டா. அதுதான் அவகிட்ட எனக்குப் பிடிக்காத கொணம். நான் பட்டினின்னா அவளும் பட்டினி. இந்த டெஸ்ட்டுன்னு சொன்ன நாள்ல இருந்து இதான் கூத்து. மொத தடவை வந்தப்பவும் பச்சத்தண்ணி பல்லுல படல. ரெண்டாவது தடவையும் அப்படித்தான், நான் பஜ்ஜி தின்னுட்டு வந்து நிக்கறேன், அவ வாயில உமிநீர் இல்லாம பேச முடியாம நிக்கறா. ‘நீ சாப்பிடேம்மா, உனக்கா டெஸ்ட்டு’ன்னு நூறு தடவை சொல்லிட்டேன். ‘உங்க வயிறு காயும்போது எனக்கு மட்டும் எறங்குமா’ங்கறா. என்னையக் கட்டிப் போடுறதுக்கு அவளுக்குத் தெரிஞ்ச கயிறு அது. வேணும்னேதான் செய்யறா.

இத்தனைக்கும் சுகர்காரி. காலையில வழக்கம்போல சுகர் மாத்திரையப் போட்டுட்டா. மொத ஆளே நீங்கதான்னு நேத்து ஃபோன்ல சொன்னாங்க, எட்டரைக்கெல்லாம் முடிஞ்சிரும், முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேந்து சாப்பிடலாம்னு கணக்குப் போட்டிருக்கா. ஏதோ ரத்த வாந்தி கேஸ் வந்து உள்ள போயிருச்சு. இப்ப மணி என்ன? பாருங்க. மாத்திரை போட்டவ சாப்பிடணும்னு தெரிய வேணாமா? நான் சொன்னா எங்க கேக்கறா. இந்த வீட்டுல என் பேச்ச யாரு கேக்கறா.

சரி, அவ அந்தப் பக்கம் பாக்கறப்ப நான் லேசா எந்திரிச்சு, டவுசர் பையில கைய விடணும். இந்த ஊசி மாட்டுன கைதான் அந்தப் பக்கம் இருக்கு, அதான் சங்கடமா இருக்கு. நீங்க இப்படிக் கொஞ்சம் சாஞ்சு உக்காந்துக்கிட்டா மறைச்சிரும். இன்னும் ஒரு ஆளுக்கு அப்புறம் என்னைக் கூப்பிடுவாங்கன்னு நெனைக்கறேன். எப்பவோ தின்னிருக்கலாம். எதுக்கு இவ்வளவு நேரம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு எனக்கே தெரியல. பசியும் இல்ல. பசிங்கறதே இப்பல்லாம் இல்ல.

என்ன பாக்கறீங்க? எங்க?

ஜெயக்கனி. ஏய். என்னத்துக்கு இப்படிச் சாயுற? ஜெயக்கனி, இங்க பாரு, என்னையப் பாரு. அண்ணாச்சி, எந்திரிங்க, அந்தத் தோளப் பிடிங்க, கீழ விழுந்துரப் போறா. கையெல்லாம் சில்லுன்னு இருக்கு. சேலை நனைஞ்சு போச்சு வேர்வையில. சிஸ்டர். யாராவது வாங்கம்மா. மாத்திரை போட்டிருக்காம்மா, சுகர் மாத்திரை, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. முழிச்சுத்தான் இருக்கா, பேசுனா கண்ணத் தொறக்கறா.

இனிப்பா? குளுக்கோஸ் எடுத்துட்டு வர்றியா, ஓடும்மா, ஓடு. இனிப்பு ஏதாவது இருக்கான்னு கேக்குது அந்தப் பொண்ணு.

இருக்கு. எங்கிட்ட இருக்கு. நகருங்க அண்ணாச்சி, வேட்டிய ஒதுக்கிக்கறேன். இந்த ஊசி ஒண்ணு, இழுக்குது. இழுத்தா இழுக்கட்டும். இந்தா, பாக்கெட்டக் கிழிங்க நீங்க. பெருசா இருக்கே, இத எப்படி இவ கடிப்பா. நான் கடிச்சு, வேணாம், நான் கடிக்கக் கூடாது. உள்ள போயிரும். இந்த நாற்காலிக் கைப்பிடியில வச்சு ஒரு தட்டுத் தட்டுங்க. தூளாத்தான் வேணும். ஆங், குடுங்க. ஜெயக்கனி, வாயத் தொறம்மா. மெல்லு. மெதுவா மெல்லு. விக்கிரப் போகுது. முழுங்கு. இன்னும் கொஞ்சம். என்ன சொல்ற? பேசாத. மொதல்ல முழுங்கு.

உக்காருங்க அண்ணாச்சி. பரவால்ல. ரொம்ப உபகாரம். உங்க சட்டையெல்லாம் தூளாக்கிட்டேன்.

இப்பத் தேவலையாம். விரல்ல குத்திப் பாத்தாங்க, அம்பதுக்கும் கீழ இருந்துச்சாம் சுகர். குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்திருக்காங்க, உள்ள கட்டில்ல படுத்திருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா பேச்சு மூச்சு இல்லாமப் போயிருக்கும்னு அந்தப் பொண்ணு என்னையப் பிடிச்சுத் திட்டிட்டுப் போகுது. திட்டட்டும். எங்க அண்ணன் போனப்பகூட நான் இப்படிப் பதறல.

அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா? வாயில மிட்டாய வச்சுக்கிட்டு முணுமுணுன்னு ஒண்ணு சொன்னாளே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க.

‘இந்தத் தடவை கடலை மிட்டாயா’ன்னா.

தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி. டீயும் தெரிஞ்சிருக்கு, பஜ்ஜியும் தெரிஞ்சிருக்கு. கைகால் கழுவிட்டு வந்தவ எங்கயோ நின்னு பாத்திருக்கா. நான் டீக்கடையில நின்னு வடை தின்னதப் பாத்துட்டு, அவ வெறும் வயித்தோட எங்கூட பஸ்ஸேறி வந்திருக்கா. திரும்ப ஊருக்குப் போற வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. ‘தெரிஞ்சும் ஏண்டி பட்டினி கெடந்த’ன்னு இப்ப உள்ள போய்க் கேட்டேன். ‘நீங்களா திங்கறத வேணாம்னு வைக்கற வரைக்கும் கெடப்போம்னு இருந்தேன்’னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. என்னைய ஏமாத்தின ஆளு பஜார்லயே கெடையாது. வீட்டுக்குள்ள ஒருத்தி பாத்துக்கிட்டே இருந்திருக்கா, எனக்குத் தெரியல. கேவலமா இருக்கு. உங்க முன்னாடி சொல்றதுக்கே வெக்கமா இருக்கு.

இன்னும் ரெண்டு துண்டு இருக்கு இதுல. நீங்க வச்சுக்கங்க. உங்க மாமியார் வெளிய வந்ததும் குடுங்க, தொண்டை மரத்துப் போனது சரியானதுக்கு அப்புறம். எங்கிட்ட இருக்க வேணாம்.

கூப்பிடுறாங்களா? என் பேருதான். இருங்க வர்றேம்மா.

விரல் பூரா வெல்லம் ஒட்டிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. பிசுபிசுன்னு. சும்மா வாயில வச்சு ஒரு நக்கு நக்குனாப் போதும். வாசல்ல அந்தப் பொண்ணு கேக்கும், ஆமாம்மான்னு சொன்னா இன்னைக்கும் வீட்டுக்குப் போயிரலாம், அதுல பொய்யும் இல்ல. தோள்ல கெடக்கற அந்தத் துண்டு உங்களுதா? ஈரமா இருக்கா? குடுங்க இப்படி. நல்லாத் தொடச்சுக்கறேன். நகக்கண்ணுலகூட இருக்கக் கூடாது.

இல்லம்மா. ஒண்ணும் சாப்பிடல. நேத்து ராத்திரி கஞ்சி குடிச்சது, அதுக்கப்புறம் தண்ணிகூடக் குடிக்கல. நெசமாத்தான் சொல்றேன், வேணும்னா இந்த அண்ணாச்சியக் கேளு.

வர்றேன். சம்சாரம் எந்திரிச்சா நான் உள்ள போய்ட்டேன்னு சொல்லிருங்க, அண்ணாச்சி. ஏம்மா, உள்ள டாக்டரம்மாதானே இருக்காங்க? அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மயக்க மருந்து போடுறதுக்கு முன்னாடியே சொல்லணும், அப்புறம் மறந்துருவேன். அந்தப் புண்ணுல ஒரே எடத்துல மட்டும் கிள்ளிட்டு விட்டுரக் கூடாது. மேல, நடுவுல, அடியில, எல்லா எடத்துலயும் எடுக்கச் சொல்லணும்.